குதிரை வலுவின் விலை

மனிதன் தன் உழைப்பைக் குறைப்பதற்காக முதலிற் குதிரையைப் பழக்கினான். பின்னர் குதிரையின் உழைப்பைக் குறைப்பதற்காக எஞ்சினை அமைத்தான். எனினும், அந்த எஞ்சினின் ஆற்றலை அளக்க வேண்டிய வேளை வந்தபோது மீண்டும் குதிரையையே துணைக்கு அழைத்துக்கொண்டான். நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாற் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த கணக்கின்படி, 33,000 இறாத்தல் பாரத்தை ஒரு நிமிடத்தில் ஓரடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரை வலுவாகும். இக்காலத்து அளவையில் அது ஏறக்குறைய 746 வாற்.

இக்குதிரை வலுவுக்கு ஒரு விலை உண்டு. அதனைக் குறைந்த செலவிற் பெறுவது எங்ஙனம் என்பது, பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பித்து ஓட்டுவோர் இடையே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. கேள்வி கார் பற்றியதாயினும், அதற்குரிய விடை கையிலுள்ள பொருளை எவ்வாறு அளந்து செலவிடுவது என்பதையும் சேர்த்தே கற்பிக்கின்றது.

1964 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் பொன்டியாக் பிரிவு, நடுத்தர அளவுள்ள தன் காரொன்றில், பெரிய கார்களுக்கென அமைத்திருந்த 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி விற்றது. சிறிய கார்களிற் பெரிய எஞ்சின்களை வைத்தலாகாது என்று அந்நிறுவனமே விதித்திருந்த வரம்பை மீறாதிருக்கும் பொருட்டு, அதனைத் தனிக் காராக அன்றி, விரும்பியவர் மேலதிகமாகச் சுமார் 300 டொலர் கொடுத்துப் பெறும் சிறப்புப் பொருத்தமாகவே அறிவித்தனர். அதுவே ஜி.ரி.ஓ. எனப் பெயர் பெற்றது. முதலாண்டிலேயே முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. அதனைப் பின்பற்றி ஏனைய நிறுவனங்களும் இவ்வகைக் கார்களைச் செய்தன. புயவலி படைத்த கார் எனும் பொருள்பட இவற்றை 'மசில் கார்' என்று அழைத்தனர். குறைந்த விலையில் நிறைந்த வலு என்பதே இவற்றின் பிறப்புக்குக் காரணம் என்பது கருதத்தக்கது.

அக்காலம் நெடிது நீடிக்கவில்லை. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், ஏறிச் சென்ற காப்புறுதிக் கட்டணம், 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனை முடித்துவைத்தன. கார்கள் மட்டும் எஞ்சின. அவற்றை வைத்திருப்போர் எஞ்சினைக் கழற்றி மீண்டும் கட்டும்போதுதான் வலுவின் விலை பற்றிய கேள்வி எழுகின்றது.

முதலில், எந்தக் குதிரை வலு என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரப்படுத்திய எண், எஞ்சினைத் தனியே ஒரு மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர், மின்னாக்கி முதலியவற்றின் சுமையின்றி அளந்தது. அதனை மொத்த வலு என்றனர். 1972 முதல், காரில் இருப்பது போன்றே இவையனைத்தையும் பொருத்தி அளந்த நிகர வலுவை வெளியிடலாயினர். கோர்வெற் காரில் வந்த எல்.ரி.-1 என்னும் 350 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். 1970 இல் அதன் வலு 370. 1971 இல் 330. 1972 இல் 255. முதல் வீழ்ச்சி உண்மையானது. ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்பச் சிலிண்டருள் வாயுவை நெருக்கும் விகிதத்தை 11 இலிருந்து 9 ஆகக் குறைத்தமையால் நேர்ந்தது. இரண்டாவது வீழ்ச்சியோ பெரும்பாலும் அளவுகோல் மாறியதால் வந்தது. இதனை அறியாதவர், பழைய விளம்பர எண்ணை எட்டுவதற்காக வீண் பணம் இறைப்பர். அல்லது அக்காலத்து எஞ்சினை அதன் தகுதிக்கு மேலாக மதிப்பிடுவர்.

இரண்டாவதாக, வலுவுக்கும் முறுக்கு விசைக்கும் உள்ள உறவை உணர்தல் வேண்டும். எஞ்சினின் தண்டு எவ்வளவு பலமாகத் திருகுகின்றது என்பது முறுக்கு விசை. அதனை அடி-இறாத்தலில் அளந்து, நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பதாற் பெருக்கி, 5,252 ஆல் வகுத்தால் குதிரை வலு கிடைக்கும். 3,000 சுழற்சியில் 350 அடி-இறாத்தல் தரும் எஞ்சின் அவ்வேளையில் 200 குதிரை வலுவைத் தருகின்றது. 6,000 சுழற்சியில் 300 அடி-இறாத்தல் தருவது ஏறக்குறைய 343 குதிரை வலுவைத் தருகின்றது. தாளில் இரண்டாவதே பெரிது. ஆயின் தெருவில் ஓடும் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 2,000 இற்கும் 4,000 இற்கும் இடைப்பட்ட சுழற்சியிலேயே கழிக்கின்றது. உச்ச எண்ணை மட்டும் நோக்கிப் பணம் செலவிட்டவர், தாம் ஆண்டுக்குச் சில நிமிடமே பயன்படுத்தும் வலுவுக்காக நாள்தோறும் பயன்படும் வலுவை விற்றவராவார்.

இனி, வலு எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம். பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய பதினைந்து பங்கு எடையுள்ள காற்று. முழு வலுவைத் தரும் வேளையிற்கூடப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குக்குக் குறைதல் நன்றன்று. பெற்றோலை மேலும் ஊற்றுவது எளிது. காற்றை உள்ளே புகுத்துவதே அரிது. ஆதலின் எஞ்சினை ஒரு காற்றுப் பம்பி என்று கருதுதல் பொருந்தும். கொல்லனின் துருத்தி எத்துணைப் பெரிதாயினும், மூக்குக் குழல் அடைபட்டிருந்தால் உலை கனலாது. எஞ்சினின் நிலையும் அதுவே. காற்று எங்கே நெருக்குண்டு நிற்கின்றதோ அங்கே செலவிடும் டொலரே மிகுந்த வலுவைக் கொணரும். ஏனைய இடங்களிற் செலவிடுவது சிறு பயனையே தரும்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஷெவ்ரலே நிறுவனத்தின் சிறிய வகை எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொள்ளலாம். எட் கோல் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவாகி, 1955 இல் 265 கன அங்குலத்துடன் வெளிவந்த இது, 1967 இல் 350 கன அங்குலமாக வளர்ந்தது. இதுவும் இதன் வழிவந்தவையுமாக 2011 ஆம் ஆண்டளவிற் பத்துக் கோடி எஞ்சின்கள் செய்யப்பட்டிருந்தன. மிகுதியாகச் செய்யப்பட்ட பொருளுக்கு உதிரிப் பாகங்களும் மிகுதி. மிகுதியாகக் கிடைப்பது மலிவு. வலுவைச் சிக்கனமாகத் தேடுவோர் பெரும்பாலும் இந்த எஞ்சினையே நாடுவதற்கு இதுவே முதற் காரணம்.

ஆயினும் 350 என்ற எண் மட்டும் ஒன்றையும் உறுதி செய்வதில்லை. 1975 ஆம் ஆண்டுக் கோர்வெற் காரில் இதே 350 கன அங்குல எஞ்சின் சாதாரண அமைப்பில் 165 நிகர வலுவையே தந்தது. அதே இரும்புப் புளொக், அதே அளவுச் சிலிண்டர்கள். குறைந்தவை காற்றின் வழியும் நெருக்க விகிதமுமே. இத்தகைய எஞ்சினைக் கட்டுபவர் எந்த ஒழுங்கிற் செலவிடல் வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னே வருவது சோதனை. எட்டுச் சிலிண்டரிலும் நெருக்கம் சமமாக உள்ளதா, தீப்பொறி உரிய கணத்தில் விழுகின்றதா, காபுரேற்றர் பெற்றோலைச் சரியான அளவிற் கலக்கின்றதா என்று பார்த்துத் திருத்துவதற்கு ஆகும் செலவு சிறிது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் இழந்த வலுவின் ஒரு பகுதி இதனாலேயே மீண்டுவிடும். இதுவே உலகில் மிக மலிவான குதிரை வலு.

அடுத்துவருவது சிலிண்டர் ஹெட். காற்று உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் வால்வுகளும் அமைந்திருக்கும் மேற்பகுதி இது. எஞ்சினின் குரல்வளை இதுவேயாம். வேறெந்தப் பாகத்துக்குச் செலவிடும் பணமும் இதற்குச் செலவிடுவது போலப் பயன் தருவதில்லை. 1996 முதல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பாரவண்டிகளிற் பொருத்திய 'வோர்டெக்' எனப்படும் வார்ப்பிரும்பு ஹெட் இதற்குச் சிறந்த சான்று. அது பந்தயத்துக்கெனச் செய்யப்பட்டதன்று. சுமை இழுக்கும் வண்டிக்கென வந்தது. எனினும் அதன் காற்று வழிகள் முற்காலத்து ஹெட்களிற் பெரும்பாலானவற்றினும் செவ்வையாக அமைந்திருந்தன. பழைய 350 புளொக்கிலும் அது பொருந்தும்.

ஆயின் மூன்று நிபந்தனைகளை மறத்தலாகாது. முதலாவது, காற்றைப் பங்கிட்டு அனுப்பும் மனிபோல்ட்டை அதன் ஆணித் துளைகளுக்கு ஏற்பப் புதிதாக வாங்க வேண்டும். இரண்டாவது, வால்வுகளை ஏறக்குறைய 0.46 அங்குலத்துக்கு மேல் உயர்த்தும் காம் ஷாப்டை வைப்பதானால் வால்வு வில்லும் அதன் இருக்கையும் திருத்தப்படல் வேண்டும். மூன்றாவது, பாவித்த ஹெட்டை வாங்குவோர் அதில் வெடிப்பு உண்டா என்று பட்டறையிற் சோதிப்பித்தே வாங்குதல் வேண்டும். இந்நிபந்தனைகளுக்கான செலவையும் கூட்டிப் பார்த்தால், புதிய அலுமினிய ஹெட்டின் விலைக்கு அருகே சென்றுவிடுதலும் உண்டு. அவ்வேளையில் அலுமினியமே மேல். அது வெப்பத்தை விரைவிற் கடத்துவதால் சற்றுக் கூடிய நெருக்க விகிதத்தையும் தாங்கும்.

காம் ஷாப்ட் என்பது வால்வுகள் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என ஆணையிடும் தண்டு. பெருவலு தேடுவோர் மிகுதியாகத் தவறு செய்வது இங்கேதான். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும் தண்டு, உயர்ந்த சுழற்சியில் வலுவைக் கூட்டும். தாழ்ந்த சுழற்சியில் அதனைக் குறைக்கும். எஞ்சின் நின்ற நிலையில் நடுங்கும். உட்குழாயின் வெற்றிடம் குன்றுவதால், அதன் உதவியால் இயங்கும் பிறேக்கும் பலமிழக்கும். தெருவில் ஓடும் 350 எஞ்சினுக்கு, 0.050 அங்குல உயர்வில் அளக்கும்போது 210 முதல் 225 பாகை வரை திறந்திருக்கும் தண்டே பெரும்பாலும் போதுமானது.

காபுரேற்றரின் அளவைக் கணக்கிட்டே அறியலாம். 350 கன அங்குலம் என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு கன அடி. நான்கடி எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே முழுக் கொள்ளளவையும் இழுக்கின்றது. எனவே 6,000 சுழற்சியில், சிலிண்டர்கள் முற்றாக நிரம்பினாலும், நிமிடத்துக்குச் சுமார் 608 கன அடிக் காற்றே வேண்டும். நடைமுறையில் நூற்றுக்கு எண்பத்தைந்து நிரம்பினால், 516 கன அடியே. ஆகவே 600 அல்லது 650 கன அடி அளவுள்ள காபுரேற்றர் தாராளமாகப் போதும். இதற்கு மிகப் பெரிய ஒன்றை வைப்பது, சிறு குழந்தைக்குத் தந்தையின் செருப்பை அணிவிப்பது போன்றது.

புகைவழியும் இங்ஙனமே. தடித்த வார்ப்பிரும்புக் குழாய்க்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் வைத்து, இரட்டைச் சைலன்சர் வழியாகப் புகையை வெளியேற்றினால் நியாயமான செலவில் நல்ல பயன் உண்டு. நெருக்க விகிதத்தை 8 இலிருந்து 9 ஆக உயர்த்தினால் மூன்று, நான்கு விழுக்காடு வலு கூடும். எஞ்சினை எவ்வாறாயினும் கழற்றிப் புதிய பிஸ்டன் இடுவோருக்கு இது மேலதிகச் செலவில்லாப் பேறு. ஆயின் கிடைக்கும் பெற்றோலின் ஒக்டேன் அளவை விஞ்சி உயர்த்தினால், வாயு உரிய வேளைக்கு முன் வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

இவற்றை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரே வகைக் காரும் ஒரே தொகைப் பணமும் உடைய இருவர் உளர் என வைத்துக்கொள்ளலாம். முதலாமவர் பெயர் பெற்ற காபுரேற்றரையும் மிகப் பெரிய காம் ஷாப்டையும் பளபளக்கும் வால்வு மூடிகளையும் வாங்குகின்றார். பழைய ஹெட்டையே விட்டுவிடுகின்றார். இரண்டாமவர் நல்ல ஹெட்டை வாங்கி, அதற்கு ஏற்ற நடுத்தரக் காம் ஷாப்டையும் அளவான காபுரேற்றரையும் சேர்க்கின்றார். முதலாமவரின் எஞ்சின் முழக்கத்தில் வெல்லும். ஆயின் தன்னியக்கக் கியருடன் அது இசையாமையால் டோர்க் கொன்வேட்டரை மாற்ற வேண்டும். பின்னச்சின் பல்விகிதத்தையும் மாற்ற வேண்டும். அதற்குப் பணம் எஞ்சியிராது. இரண்டாமவர் சாவியைத் திருப்பிய அன்றே காரை ஓட்டிச் செல்வார். ஒரு பாகத்துக்குக் கொடுத்த விலையை மட்டும் எழுதாது, அது தன்னுடன் அழைத்துவரும் ஏனைய செலவுகளையும் எழுதி, அதனாற் கூடிய வலுவால் வகுத்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

கொள்ளளவைப் பெருக்குவதும் ஒரு வழி. 350 புளொக்கின் சிலிண்டரை 0.030 அங்குலம் அகலப்படுத்தி, பிஸ்டனின் ஓட்டத்தை 3.48 அங்குலத்திலிருந்து 3.75 ஆக நீட்டும் கிராங் ஷாப்டை இட்டால் அது 383 கன அங்குலமாகும். தாழ்ந்த சுழற்சியிலேயே முறுக்கு விசை கூடுவதால் தெருவுக்கு இது மிகவும் உகந்தது. பழைய கிராங் ஷாப்டைச் சாணைபிடித்தே தீர வேண்டிய நிலையில் இருப்பவர், அச்செலவுடன் சிறிது சேர்த்து இதனை வாங்குதல் அறிவுடைமை. நல்ல நிலையிலுள்ள கிராங் ஷாப்டைக் கழற்றி எறிந்து வாங்குதலோ பெருஞ்செலவு.

மற்றொரு வழி, பிற்காலத்து எஞ்சினையே முழுதாகப் பெயர்த்து வைப்பது. 1999 இல் ஷெவ்ரலே பாரவண்டிகளில் வந்த 5.3 லீற்றர் எஞ்சின் 270 நிகர வலு உடையது. 1972 ஆம் ஆண்டில் யாவரும் வியந்த எல்.ரி.-1 எஞ்சினின் 255 இனும் இது அதிகம். உடைந்த வண்டிகளை விற்கும் முற்றங்களில் இவை ஏராளமாகக் கிடைத்தமையால் வலுவை மலிவாகத் தேடியோர் இவற்றை விரும்பினர். எனினும் மின்கணிப்பொறி, கம்பித் தொகுதி, உயர் அழுத்தப் பெற்றோல் பம்பி, எண்ணெய்த் தட்டு, தாங்கிகள் ஆகியவற்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். எஞ்சினின் விலையை மட்டும் கேட்டு மகிழ்பவர் பின்னர் வருந்துவர்.

பட்டறைச் செலவையும் மறத்தலாகாது. புளொக்கில் வெடிப்புச் சோதித்தல், சிலிண்டரைக் கடைந்து மெருகிடுதல், தாங்கிகளின் இடைவெளியை அளத்தல் ஆகியன வலுவைக் கூட்டுவனவல்ல. கூட்டிய வலுவை நிலைக்கச் செய்வன. முற்காலத்துத் தட்டை அடிப்புறமுள்ள வால்வுத் தூக்கிகளுக்கு நாகமும் பொசுபரசும் கலந்த எண்ணெய் வேண்டும். இக்காலத்து எண்ணெய்களில் அவை குறைக்கப்பட்டுள்ளன. புதிய தண்டை முதன்முதலில் இயக்கும்போது இருபது நிமிடம் வரை ஏறக்குறைய 2,000 சுழற்சியில் ஓடவிடல் வேண்டும். இதனைச் செய்யாதவரின் தண்டு சில நிமிடத்திலேயே தேய்ந்து, அதன் இரும்புத் துகள் எஞ்சின் முழுவதும் பரவும். 1987 முதல் ஷெவ்ரலே உருளித் தூக்கிகளைப் பொருத்தியது. அவை பொருத்தப்பட்ட புளொக்கைத் தேர்பவருக்கு இவ்வச்சம் இல்லை. ஈயமற்ற பெற்றோலுக்கு வால்வு இருக்கைகள் கடினப்படுத்தப்பட்டிருத்தலும் வேண்டும்.

இறுதியாக, பணத்தால் மீட்க முடியாத இரண்டு உள. ஒன்று, காருடன் பிறந்த எஞ்சின். 1968 ஆம் ஆண்டளவிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி புளொக்கிலும் பொறிக்கப்பட்டு வந்தது. அவ்வெண் பொருந்தும் கார் வரலாற்றுச் சான்று. சந்தையிலும் அதன் மதிப்பு உயர்வு. அப்புளொக்கைக் கடைந்து, ஓட்டி, உடைத்தபின் எத்துணைக் குதிரை வலுவும் அதனை ஈடுசெய்யாது. அதனைக் கழற்றி எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொரு சாதாரணப் புளொக்கில் வலுவைத் தேடுவதே முறை.

மற்றொன்று உயிர். 1964 ஆம் ஆண்டு ஜி.ரி.ஓ. காரின் நான்கு சக்கரங்களிலும் உருளைப் பிறேக்குகளே இருந்தன. மணிக்கு 60 மைலில் ஓடும் கார் 90 மைலில் ஓடினால், வேகம் ஒன்றரை மடங்கே ஆயினும், அதனை நிறுத்தப் பிறேக்குகள் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகின்றது. எஞ்சினுக்கு வகுத்த தொகையில் ஒரு பகுதியை முன்சக்கரங்களின் தட்டுப் பிறேக்குக்கும் நல்ல தயருக்கும் ஒதுக்காதவர், கணக்கில் மிகப் பெரிய செலவை எழுதாது விட்டவராவார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. எஞ்சினிலே போடும் பணத்துக்கும் அது பொருந்தும். முதலில் உள்ளதைச் சோதித்தல். பின் காற்று எங்கே தடைபடுகின்றது என்று கண்டு அங்கே செலவிடல். ஒவ்வொரு பாகமும் ஏனையவற்றுடன் இசைகின்றதா என ஆராய்தல். நிறுத்தும் ஆற்றலையும் ஓட்டும் ஆற்றலுடன் சேர்த்து வாங்குதல். இவ்வொழுங்கிற் கட்டப்படும் எஞ்சினின் குதிரை வலு, விளம்பரத்தில் வரும் எண்களினும் சிறிதாக இருக்கலாம். ஆயின் அக்குதிரைகள் அனைத்தும் வண்டியை இழுக்கும். அடுத்த ஆண்டும் இழுக்கும்.